அரசாங்கத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்ஜெட் வந்தால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அலுவலக கேன்டீனிலும் ஒரே கேள்விகள் சுற்றி வரும். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். இங்கே இருப்பது கல்லூரிப் பாடப்புத்தகப் பொருளாதாரம் கிடையாது. அதற்கு வெளியே நின்று பேசுகிறவர்களின், முக்கியமாக எம்எம்டி (மாடர்ன் மானிட்டரி தியரி) எனப்படும் நவீனப் பணவியல் கோட்பாட்டுக்காரர்களின் பார்வை. அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. உடன்படாத இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அரசாங்கமும் ஒரு குடும்பம் மாதிரிதானே? வரவுக்கு மேல செலவு பண்ணா நடுத்தெருவுக்குத்தானே வரணும்?

குடும்பத்தால் ரூபாயை உருவாக்க முடியாது. சம்பளமோ வியாபாரமோ கடனோ, எப்படியாவது வெளியிலிருந்துதான் ரூபாய் வீட்டுக்குள் வரவேண்டும். மத்திய அரசின் நிலைமை அப்படியில்லை. ரூபாய் என்பதே அதன் சட்டத்தால், அதன் மத்திய வங்கியால் வெளியிடப்படுவது. ரூபாயை வெளியிடுகிற அரசு ரூபாயில் வாங்கிய கடனைக் கட்ட "ரூபாய் இல்லை" என்று சொல்லவேண்டிய கட்டாயம் வராது. கட்டக்கூடாது என்று அதுவே முடிவெடுத்தால் வேறு கதை.

இதைக் கேட்டதும் "அப்போ எல்லாத்தையும் இலவசமா கொடுக்கலாமே" என்று தாவிவிடுகிறார்கள். பணம் தீராது என்பதால் மற்றவையும் தீராது என்று ஆகிவிடாது. டாக்டர்கள் தீர்ந்துபோவார்கள், சிமென்ட் தீர்ந்துபோகும், டாலர் தீர்ந்துபோகும். மாவட்டத்துக்கு ஒரு மருத்துவக் கல்லூரி என்று அறிவித்தால் கட்டடத்துக்குக் காசு கிடைத்துவிடும், பேராசிரியர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல். கீழே வரும் பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வரும்.

நோட்டு அடிக்கிறது ரிசர்வ் வங்கியா, மத்திய அரசா? ரெண்டும் வேற வேறதானே?

ஒரு ரூபாய் நோட்டு கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். அதில் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்து இருக்காது, நிதித்துறைச் செயலாளர் கையெழுத்துதான் இருக்கும். ஒரு ரூபாய் நோட்டும் நாணயங்களும் நேரடியாக மத்திய அரசின் பணம். இரண்டு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நோட்டுகள் ரிசர்வ் வங்கியின் பொறுப்பு, அதனால்தான் அவற்றில் "தருவதாக உறுதியளிக்கிறேன்" என்று கவர்னர் கையெழுத்துப் போடுகிறார்.

ரிசர்வ் வங்கி 1935இல் தனியார் பங்குதாரர்களோடு தொடங்கியது. 1949 ஜனவரி 1 முதல் முழுக்க முழுக்க அரசுடைமை. அதன் உபரி ஆண்டுதோறும் மத்திய அரசுக்கே போகிறது, 2024-25 கணக்குக்கு அது கிட்டத்தட்ட 2.69 லட்சம் கோடி. தனித்தனி அலுவலகங்கள், தனித்தனி அதிகாரங்கள் என்பது உண்மைதான். உரிமையாளர் ஒருவர்தான் என்பதும் உண்மை. இந்தப் பார்வைக்காரர்கள் கணக்குப் போடும்போது இரண்டையும் சேர்த்து ஒரே "அரசு" என்று எடுத்துக்கொள்கிறார்கள். எதிர்ப்பவர்களுக்கு எரிச்சல் வருவதும் முதலில் இந்த இடத்தில்தான். இன்னொன்று, நோட்டு என்பது இன்று மொத்தப் பணத்தில் சிறு பகுதி. மீதி எல்லாம் வங்கிக் கணக்கில் தெரியும் எண்கள், அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

வங்கி நம்ம டெபாசிட்டை எடுத்துத்தானே அடுத்தவங்களுக்குக் கடன் கொடுக்குது?

வங்கியில் நகைக்கடன் வாங்கியவர்கள் அந்த அரை மணி நேரத்தை யோசித்துப் பாருங்கள். மதிப்பீட்டாளர் நகையை உரைத்து, எடைபோட்டு, கல் எடையைக் கழித்துச் சீட்டில் எழுதுகிறார். கிராமுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, நீங்கள் கையெழுத்துப் போட்டதும், உங்கள் சேமிப்புக் கணக்கில் ஒன்றரை லட்சம் ஏறிவிட்டதாகக் குறுஞ்செய்தி வருகிறது. அந்த நேரத்தில் வேறு எந்த வாடிக்கையாளரின் கணக்கிலிருந்தாவது ஒன்றரை லட்சம் குறைந்ததா? இல்லை. வங்கியின் ஏட்டில் ஒரு பக்கம் உங்கள் கடன் சொத்தாகவும், மறுபக்கம் உங்கள் கணக்கில் உள்ள தொகை வங்கியின் பொறுப்பாகவும் ஒரே சமயத்தில் பிறந்தன. கடன்தான் டெபாசிட்டை உருவாக்கியது. நீங்கள் வட்டியும் முதலும் கட்டி நகையை மீட்கும்போது அந்த முதல் தொகை அப்படியே மறைந்துவிடும்.

இது ஏதோ புரட்சிக்காரர்கள் சொல்வது என்று நினைக்கவேண்டாம். பாங்க் ஆஃப் இங்கிலாந்து 2014இல் தன் காலாண்டு இதழிலேயே இதை வெளிப்படையாக எழுதியது. பாடப்புத்தகங்கள் சொல்வது தலைகீழ் என்றும் அதிலேயே இருக்கிறது. சீட்டுக் கம்பெனிக்கும் கந்துவட்டிக்காரருக்கும் இந்த வசதி கிடையாது, அவர்கள் ஏற்கெனவே இருக்கிற பணத்தைத்தான் சுற்றில் விடமுடியும்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய சோதனை நடந்தது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றதும் மக்கள் வரிசையில் நின்று லட்சக்கணக்கான கோடிகளை வங்கிகளில் கொட்டினார்கள். டெபாசிட்தான் கடனாகிறது என்றால் அப்போது கடன் பெருக்கெடுத்து ஓடியிருக்கவேண்டும். கடன் வளர்ச்சி படுத்துவிட்டது. வியாபாரமே நின்றுபோன நேரத்தில் கடன் கேட்டு யார் வருவார்கள்? பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வங்கிகள் ரிசர்வ் வங்கியிடமே கொண்டுபோய்ப் போட்டன.

வங்கியே பணத்தை உருவாக்கும்னா அப்புறம் வங்கி எப்படி திவாலாகுது?

நல்ல கேள்வி. வங்கி உருவாக்குவது தன்மீதான வாக்குறுதியை. உங்கள் கணக்கில் ஏற்றிய ஒன்றரை லட்சத்தை நீங்கள் வேறு வங்கிக்கு மாற்றினால், இந்த வங்கி ரிசர்வ் வங்கியில் வைத்திருக்கும் கணக்கிலிருந்து அந்த வங்கியின் கணக்குக்கு உண்மையான இருப்பு போயாகவேண்டும். அந்த இருப்பை எந்த வணிக வங்கியாலும் உருவாக்க முடியாது. இதைத் தவிர, கொடுத்த கடன்கள் வராக்கடனாகப் போனால் நஷ்டம் முதலில் வங்கியின் மூலதனத்தைத் தின்னும். அது தீர்ந்தால் கதை முடிந்தது.

கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை நம்மில் பலர் பார்த்தோம். 2020 நவம்பர் 17 அன்று ஓர் ஆள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது, அந்த மாதமே டிபிஎஸ் வங்கியோடு இணைத்துவிட்டார்கள். டெபாசிட்தாரர்கள் பிழைத்தார்கள், பங்கு வைத்திருந்தவர்களுக்கு மொத்தமும் பூஜ்யம். பரம்பரையாகப் பங்கு வைத்திருந்த குடும்பங்களுக்கு அது சின்ன அடி இல்லை.

அரசு வங்கிகள் அடிவாங்கியபோது நடந்தது வேறு. 2017 அக்டோபரில் 2.11 லட்சம் கோடி மூலதனம் என்று அறிவித்தார்கள், அதில் 1.35 லட்சம் கோடி மறுமூலதனப் பத்திரம், அதாவது வங்கிக்கு மூலதனம் தருவதற்கென்றே அரசு வெளியிடும் கடன் பத்திரம். எப்படி நடந்தது என்று பாருங்கள்: அரசு பத்திரம் வெளியிடும்; வங்கி தன்னிடம் இருக்கும் பணத்தால் அதை வாங்கும்; அரசு அதே பணத்தை அந்த வங்கிக்கே மூலதனமாகத் திருப்பிக் கொடுக்கும். கையைவிட்டு ஒரு ரூபாயும் போகாமல் வங்கிக்கு மூலதனம் வந்துவிட்டது! இதை நான் குறை சொல்லவில்லை, செய்யவேண்டியதுதான். ஆனால் விவசாயக் கடன் தள்ளுபடி என்றால் மட்டும் "பணத்துக்கு எங்கே போவது" என்று கேட்கிற தொலைக்காட்சி விவாதக்காரர்கள் அன்றைக்கு ஏன் கேட்கவில்லை என்பது என் கேள்வி.

அரசே பணத்தை உருவாக்கும்னா வரி எதுக்குப் பிடுங்குறாங்க?

இந்தப் பார்வையில் வரிக்கு முதல் வேலை பணத்துக்கு மதிப்புக் கொடுப்பது. ரூபாயில்தான் வரி கட்டவேண்டும், கட்டாவிட்டால் ஜப்தி என்று இருக்கும்வரை எல்லோருக்கும் ரூபாய் தேவைப்படும். காலனி ஆட்சிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. ஆப்பிரிக்காவில் குடிசைக்கு ஒரு வரி என்று போட்டார்கள், கட்டவேண்டியது காலனி நாணயத்தில். தன் நிலத்தில் விளைந்ததைச் சாப்பிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் அந்த நாணயத்துக்காகச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் கூலிக்குப் போனார்கள். இலங்கையில் துப்பாக்கிக்கு, நாய்க்கு, கடைக்கு என்று வரி போட்டு, ஆண்டுக்கு 6 நாள் ரோடு வேலை செய் அல்லது பணம் கட்டு என்றார்கள். 1848இல் மாத்தளைப் பக்கம் கலகமே வெடித்தது.

இரண்டாவது வேலை, மக்களிடமிருக்கும் வாங்கும் சக்தியைக் குறைத்து, அரசு வாங்க வேண்டியவற்றுக்குச் சந்தையில் இடம் விடுவது. மூன்றாவது, யாரிடமிருந்து எடுப்பது, எதைத் தடுப்பது என்கிற சமூக முடிவு: பணக்காரர்மீது சொத்து வரி, சிகரெட்மீது வரி. வரிப்பணம் மறைந்துபோவதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகளில் முன்கூட்டிய வருமான வரி கட்டும்போதும், மாதம் 20ஆம் தேதியை ஒட்டி ஜிஎஸ்டி போகும்போதும் வங்கிகளிடம் இருப்பு வற்றும், வங்கிகளுக்கிடையே ஒருநாள் கடன் வட்டி ஏறும், ரிசர்வ் வங்கி ரெப்போ (பத்திரத்தை ஈடாக வாங்கிக்கொண்டு வங்கிகளுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடன்) மூலம் பணம் இறைக்கும். அரசு சம்பளமும் மானியமும் கொடுத்ததும் திரும்ப நிரம்பும்.

ஆனால் "அரசு முதலில் செலவழிக்கிறது, பிறகுதான் வரி" என்று சிலர் வேதவாக்கு மாதிரி சொல்வதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். இந்திய நடைமுறையில் மத்திய அரசு ரிசர்வ் வங்கியில் தினமும் குறைந்தது 10 கோடியும் வெள்ளிக்கிழமைகளில் 100 கோடியும் இருப்பு வைக்கவேண்டும்; குறைந்தால் வழிவகை முன்பணம் என்கிற வரம்புள்ள குறுகிய காலக் கடன் வாங்கவேண்டும். இதெல்லாம் அரசு தனக்குத்தானே போட்டுக்கொண்ட விதி என்பது சரி, போட்டுக்கொண்ட விதியும் விதிதான்.

எம்எம்டி எம்எம்டின்னு சொல்றாங்களே, அது இதுதானா? இது கம்யூனிஸ்ட் விஷயமா?

நவீனப் பணவியல் கோட்பாடு என்பதைத்தான் சுருக்கி அப்படிச் சொல்கிறார்கள். வாரன் மோஸ்லர் என்கிற நிதிச்சந்தைக்காரர், அமெரிக்காவின் ராண்டல் ரே, ஸ்டெஃபனி கெல்டன், ஆஸ்திரேலியாவின் பில் மிட்செல் ஆகியோர் முக்கியமானவர்கள். வேர் இன்னும் பழையது. பணம் அரசின் சட்டத்தால் உருவானது என்று ஜெர்மானியர் கிநாப் 1905இல் எழுதினார். பட்ஜெட் சமநிலையைப் பார்க்காதே, வேலையின்மையையும் விலைவாசியையும் பார் என்று அப்பா லெர்னர் என்கிற பொருளாதாரர் 1943இல் சொன்னார் (ஆம், அவர் பெயரே அப்பாதான்).

கம்யூனிசமா என்றால், மோஸ்லர் பத்திர வியாபாரத்தில் பணம் பண்ணியவர், அதற்குமேல் என்ன சொல்ல. இதே கணக்கை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடமும் கட்டலாம், ராணுவத்துக்கும் கொட்டலாம், பெருநிறுவன வரியையும் குறைக்கலாம்.

அப்போ இஷ்டத்துக்கு அடிச்சுத் தள்ளலாமா? ஜிம்பாப்வே ஞாபகம் இல்லையா?

ஞாபகம் இருக்கிறது. 100 டிரில்லியன் டாலர் நோட்டுப் படத்தை அனுப்பாதவர்கள் யாருமில்லை. அந்த நோட்டு வந்தது 2009 ஜனவரியில். அதற்கு முன்பே, 2000 முதல் நடந்த நிலக் கைப்பற்றல்களில் விவசாய உற்பத்தி சரிந்து, ஏற்றுமதி விழுந்து, உணவை இறக்குமதி செய்யவேண்டிய நிலை வந்துவிட்டது. ஜெர்மனியில் 1923இல் நடந்ததும் இதே வரிசைதான்: போர் இழப்பீட்டைத் தங்கத்திலும் அந்நியச் செலாவணியிலும் கட்டவேண்டிய சுமை, ரூர் தொழிற்பகுதியைப் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் பிடித்துக்கொண்டது, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகளுக்கு அச்சடித்துக் கூலி. பொருள் குறைந்தது, பணம் கூடியது.

இதைச் சொல்லிவிட்டு "அதனால் அச்சடித்ததில் தப்பே இல்லை" என்று முடிக்கிறவர்களும் உண்டு. அது தப்பிக்கிற பதில். உற்பத்தி சரிந்த நாட்டில் அச்சடிப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற வேலை. உழைக்க ஆளும் சும்மா கிடக்கும் ஆலையும் உள்ள நாட்டில் அதே செலவு பொருளாக மாறும்.

விலைவாசி ஏறினா வட்டியை ஏத்துறாங்களே, அது சரியான மருந்துதானே?

2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ வட்டி 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆனது, வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்குத் தவணை வருடங்கள் நீண்டன. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஏறியது. வட்டியை ஏற்றினால் தக்காளிச் செடி காய்க்குமா? மழையும் வரத்துக் குறைவும்தான் காரணம். அப்போது தமிழ்நாடு அரசு சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. விலைவாசியை அது எழும் இடத்திலேயே போய்ப் பிடி என்று இந்தப் பார்வைக்காரர்கள் சொல்வதற்கு இது ஓர் உதாரணம். அரிசி, கோதுமை, பருப்புக்கு இருப்புக் கிடங்கு வைப்பதும் அதே வகை.

கட்டுமானமும் கார் விற்பனையும் கொதிக்கும்போது வட்டி வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் நம் விலைவாசிக் கூடையில் உணவுக்கு இருக்கும் பங்கைப் பார்த்தால், வட்டி மட்டும் போதும் என்பவர்கள் சந்தைக்குப் போவதில்லையோ என்று தோன்றும்.

இலங்கையில இதைத்தானே செஞ்சாங்க? கடைசியில பெட்ரோல் வரிசையில செத்தாங்களே!

அதிகம் கோபமாக வரும் கேள்வி இது, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருக்கிற நண்பர்கள் கேட்கும்போது பொறுமையாகத்தான் பதில் சொல்லவேண்டும்.

நடந்தது இது. 2019 இறுதியில் வாட் வரியை 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டினார்கள், வேறு வரிகளையும் குறைத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் நடந்த ஈஸ்டர் குண்டுவெடிப்புகளால் ஏற்கெனவே அடிவாங்கியிருந்த சுற்றுலா, கொரோனாவில் படுத்தது. அன்றைய மத்திய வங்கி ஆளுநர் லக்ஷ்மன், உள்நாட்டு நாணயக் கடன் பெரிய பிரச்சினை இல்லை என்று நவீனப் பணவியல் கோட்பாட்டைக் காட்டியே பேசினார். மத்திய வங்கி அரசின் கருவூல உண்டியல்களை (குறுகிய காலக் கடன் பத்திரங்களை) வாங்கிக் குவித்தது. டாலரை 200 ரூபாய் பக்கத்தில் கட்டிவைத்தார்கள். 2021இல் ரசாயன உரத்துக்குத் தடை போட்டதில் நெல்லும் தேயிலையும் விழுந்தன. 2019 முடிவில் 760 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு 2022 மார்ச்சில் 200 கோடிக்கும் கீழே, அதிலும் பெரும்பகுதி சீன மத்திய வங்கியோடு நாணயம் மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டில் வந்த, தொடமுடியாத பணம். 2022 ஜனவரியில்கூட 50 கோடி டாலர் சர்வதேசப் பத்திரத்தை முழுசாகக் கட்டினார்கள். ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்கள். செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது.

எம்எம்டிக்காரர்கள் "இலங்கை எங்கள் உதாரணமே இல்லை, டாலரில் கடன், கட்டிவைத்த மாற்றுவிகிதம், அப்படியொரு நாட்டுக்கு நாணய இறையாண்மை, அதாவது தன் நாணயத்தைத் தன் இஷ்டப்படி ஆளும் சுதந்திரம், கிடையாது" என்பார்கள். திவாலானது ரூபாய்க் கடனால் இல்லை, டாலர் கடனால்தான். அவ்வளவுக்கு அவர்கள் சரி. ஆனால் எரிபொருள், மருந்து, பால்மா எல்லாவற்றையும் இறக்குமதி செய்கிற நாட்டில் ரூபாயை அச்சடித்துக் கையில் கொடுத்தால் அதில் கணிசமான பங்கு டாலர் தேடிக்கொண்டு போகும் என்பதை முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடாத கோட்பாடு ஆபத்தானது. வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள ஆட்சியாளர்கள் எப்போதும் தயார். 2023இல் வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம் அரசுக்கு நேரடியாகப் பணம் கொடுப்பதைத் தடைசெய்துவிட்டது.

ஜப்பான் மட்டும் எப்படித் தப்பிச்சுது?

மொத்த உற்பத்தியைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அரசுக் கடன், பல ஆண்டுகள் வட்டி பூஜ்யத்தை ஒட்டி. எல்லாம் யென் கடன், அரசுப் பத்திரங்களில் பாதியளவு ஜப்பான் வங்கியிடமே இருந்தது. அதைவிட முக்கியம், உலகம் வாங்குகிற பொருள்களைச் செய்யும் திறன் அவர்களிடம் இருக்கிறது, வெளிநாடுகளில் பெரும் சொத்தும் இருக்கிறது. இலங்கைக் கேள்வியில் சொன்ன டாலர் நெருக்கடி அங்கே வராததற்குக் காரணம் அதுதான்.

தமிழ்நாட்டுக் கடனும் அப்போ கவலைப்பட வேண்டாத விஷயமா? ஒரு குடும்பத்துக்கு ரெண்டரை லட்சம்னு சொன்னாங்களே?

2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டார், ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று. மத்திய அரசைப் பற்றி இப்படித் தலைக்கு இவ்வளவு என்று சொன்னால் நான் சிரிப்பேன். மாநிலத்தைப் பற்றிச் சொன்னால் சிரிக்கமாட்டேன். சென்னைக் கோட்டையில் ரூபாய் அடிக்கும் எந்திரம் இல்லை. மாநிலம் ரூபாயைப் பயன்படுத்துகிற அரசு, வெளியிடுகிற அரசு கிடையாது. யூரோவுக்கு மாறியபிறகு, அதைத் தானே வெளியிட முடியாத கிரீஸ் எப்படி 2010இல் கடனில் மாட்டிக்கொண்டதோ அந்த வகை. முதல் கேள்வியில் மறுத்த குடும்ப உதாரணம் மாநிலத்துக்கு ஓரளவு பொருந்தும்.

அப்புறம் அரசியல் சங்கதி ஒன்று. மத்திய அரசிடம் கடன் பாக்கி இருக்கும் மாநிலம் புதுக்கடன் வாங்க அதன் சம்மதம் வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 293ஆவது பிரிவு. இந்த வரம்பை எதிர்த்துக் கேரளம் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போனது, வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. பள்ளி, ஆஸ்பத்திரி, போலீஸ் எல்லாம் மாநிலத்தின் தலையில். பணம் உருவாக்கும் அதிகாரம் டெல்லியில். எம்எம்டி புத்தகங்கள் அமெரிக்காவை வைத்து எழுதப்பட்டவை, இந்தச் சிக்கலைப் போகிறபோக்கில் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. நமக்கு இதுதான் பெரிய சிக்கல்.

அரசாங்கம் கடன் வாங்கினா தனியாருக்குக் கடன் கிடைக்காம போயிடுமாமே?

நகைக்கடன் பதிலைப் படித்தவர்களுக்கு இதில் ஓட்டை எங்கே என்று தெரியும். கடனுக்கான பணம் ஒரு குறிப்பிட்ட அளவில் குடத்தில் இருப்பதில்லை. அரசின் பற்றாக்குறை என்பது வேறு யாருடைய உபரியோ. அரசு வாங்கியதைவிட அதிகம் கொடுத்தால் அந்த வித்தியாசம் மக்களிடமோ நிறுவனங்களிடமோ வெளிநாட்டாரிடமோ இருந்தாகவேண்டும். வின் காட்லி என்கிற பிரிட்டிஷ் பொருளாதாரர் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் 1990களின் இறுதியில் அமெரிக்க அரசு உபரி காட்டிக் கொண்டாடியபோது, தனியார் கடனில் மூழ்குகிறார்கள் பார் என்று எச்சரித்தார்.

வட்டி யாருக்குப் போகிறது என்பதுதான் உருப்படியான கேள்வி. 2025-26 பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி, அதில் வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. வாங்குவது பெரும்பாலும் வங்கிகள், எல்ஐசி போன்ற காப்பீட்டு நிறுவனங்கள், வருங்கால வைப்பு நிதி. அதாவது சேமிப்பு உள்ளவர்கள். சேமிப்பே இல்லாத விவசாயக் கூலிக்கு இதில் பங்கில்லை.

நூறு நாள் வேலைத் திட்டத்தை இவங்க ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறாங்க?

வேலை கேட்கிற எவருக்கும் நிர்ணயித்த கூலியில் அரசு வேலை என்பது எம்எம்டியின் நடுத்தூண். பொருளாதாரம் சுணங்கும்போது ஆட்கள் வருவார்கள், செலவு தானாகக் கூடும். சூடுபிடிக்கும்போது தனியாருக்குப் போவார்கள், செலவு தானாகக் குறையும். அர்ஜென்டினா 2002இல் குடும்பத் தலைவர்களுக்கென்று இப்படி ஒன்றைச் செய்தது. மகாராஷ்டிரம் 1970களிலேயே செய்தது, அதன் வழியில்தான் 2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம்.

ஆனால் காகிதத்தில் உரிமை, கணக்கில் ஒதுக்கீடு என்று இருந்தால் என்னவாகும் என்பதையும் அந்தத் திட்டமே காட்டியது. ஒதுக்கிய பணம் தீர்ந்தால் ஏரிக்கரையில் மண்வெட்டிய அம்மாவுக்கு மாதக்கணக்கில் கூலி பாக்கி. மேலே சொன்ன மறுமூலதனப் பத்திரத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

பற்றாக்குறைக்குச் சட்டமே போட்டு வச்சிருக்காங்களே, அதை மீறலாமா?

1955 முதல் 1997 வரை மத்திய அரசு கேட்டபோதெல்லாம் தற்காலிகக் கருவூல உண்டியல்கள் மூலம் ரிசர்வ் வங்கி பணம் கொடுத்து வந்தது. 1994இல் ஒப்பந்தம் போட்டு, 1997 ஏப்ரலோடு அதை நிறுத்தினார்கள். 2003இல் நிதிப் பொறுப்புச் சட்டம் வந்தது. 2006 ஏப்ரல் முதல் அரசின் புதுப் பத்திரங்களை ரிசர்வ் வங்கி நேரடியாக வாங்கக்கூடாது. சட்டம் வைத்த பற்றாக்குறை இலக்கு மொத்த உற்பத்தியில் 3 சதவீதம். கொரோனா ஆண்டில் பற்றாக்குறை 9 சதவீதத்தைத் தாண்டியது, வானம் இடிந்துவிழவில்லை. 2021இல் ரிசர்வ் வங்கி முன்கூட்டியே அறிவித்து, நிதியாண்டின் முதல் காலாண்டில் மட்டும் ஒரு லட்சம் கோடிக்குப் பத்திரங்களைச் சந்தையிலிருந்து வாங்கியது. நேராகக் கொடுக்கக்கூடாது, சந்தையைச் சுற்றிக் கொடுக்கலாம்.

மூன்று என்கிற எண்ணுக்குப் பொருளாதாரக் காரணம் யாராவது சொன்னால் கேட்க ஆவல். அதேசமயம், தேர்தலுக்கு முந்தைய ஆண்டில் எந்த வரம்பும் இல்லாத நிதியமைச்சரை நினைத்தால் எனக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

வங்கிகள் பணம் உருவாக்குறதையே தடை பண்ணிட முடியாதா?

மாற்றுப் பார்வைக்காரர்களுக்குள்ளேயே இதில் சண்டை உண்டு. 1933இல் சிகாகோவில் சில பொருளாதாரர்கள் முன்வைத்து, இர்விங் ஃபிஷர் என்கிற அமெரிக்கப் பொருளாதாரர் தூக்கிப்பிடித்த யோசனை இது: பணத்தை மத்திய அரசு மட்டுமே உருவாக்கட்டும், வங்கி உண்மையாகவே டெபாசிட்டைக் கைமாற்றிவிடட்டும். சுவிட்சர்லாந்தில் 2018 ஜூன் 10 அன்று இதற்குப் பொதுவாக்கெடுப்பே நடந்தது, நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். எம்எம்டிக்காரர்களுக்கும் இது பிடிக்காது. கடனுக்கான தேவை ஏறி இறங்கும்போது ஒரு குழு உட்கார்ந்து பண அளவைத் தீர்மானிப்பது நடக்காது என்பது அவர்கள் வாதம், எனக்கும் அப்படித்தான் படுகிறது. யாருக்கு, எதற்குக் கடன் என்பதை முறைப்படுத்துவதே உருப்படியான வழி. 1969இல் வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியதும், விவசாயம் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்கு இவ்வளவு கடன் கொடுத்தாகவேண்டும் என்ற விதியும் அந்த வழியில் வந்தவை.

இவங்களை எதிர்க்கிறவங்க சொல்றதுல எது உங்களுக்கே பயமா இருக்கு?

இரண்டு. ஒன்று, விலைவாசி ஏறினால் வரியை ஏற்றிக் கட்டுப்படுத்தலாம் என்பது. எந்தச் சட்டமன்றம், எந்த நாடாளுமன்றம் விலை ஏறுகிற நேரத்தில் வரியையும் ஏற்றும்? காகிதத்தில் வரைந்த பிரேக் அது.

இன்னொன்று வெளிநாட்டுப் பணம். பிரபாத் பட்நாயக் போன்ற நம் இடதுசாரிப் பொருளாதாரர்கள் வெகுகாலமாகச் சொல்வது: பற்றாக்குறைச் செலவு தன்னளவில் தப்பில்லை, ஆனால் எல்லை தாண்டி நினைத்தபோது போய்வருகிற நிதிமூலதனம் அதை விரும்பாது, விரும்பாவிட்டால் கிளம்பிவிடும். 2024 ஜூனில் இந்திய அரசுப் பத்திரங்கள், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பார்த்து வாங்கும் பத்திரக் குறியீடு ஒன்றில், ஜேபி மோர்கன் என்கிற அமெரிக்க வங்கியுடையதில், சேர்ந்தன, பத்திரிகைகள் கொண்டாடின. அந்நியர் கையில் நம் ரூபாய்ப் பத்திரம் கூடக்கூட, அவர்கள் ஒரே நாளில் விற்றுக் கிளம்பினால் ரூபாய் என்னவாகும் என்று நாம் பயப்படவேண்டிய அளவும் கூடும். கச்சா எண்ணெயில் பெரும்பகுதியையும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேலும் இறக்குமதி செய்கிற நாடு இது. 1991இல் 47 டன் தங்கத்தை பாங்க் ஆஃப் இங்கிலாந்திடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைத்தது ரூபாய் தீர்ந்ததால் இல்லை.

சரி, அடுத்த பட்ஜெட்ல பற்றாக்குறை சதவீதத்தைப் பார்க்காம வேற எதைப் பார்க்கச் சொல்றீங்க?

உரையை விட்டுவிட்டு அமைச்சகவாரிச் செலவு அட்டவணைக்குப் போங்கள். அதில் போன ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பத்தி இருக்கும். எந்தத் திட்டத்தில் முதல் எண்ணைவிட இரண்டாவது எண் சத்தமில்லாமல் சுருங்கியிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் புதிதாகப் போடும் செலவில் எவ்வளவு உள்ளூர் ஆட்களுக்கும் உள்ளூர் பொருளுக்கும் போகிறது, எவ்வளவு இறக்குமதி எந்திரத்துக்குப் போகிறது என்று தேடுங்கள். இது எந்த அட்டவணையிலும் நேராகக் கிடைக்காது, ஒவ்வொரு துறையும் செலவுக்குப் பணம் கேட்டு நாடாளுமன்றத்தில் வைக்கும் மானியக் கோரிக்கைப் புத்தகத்தையும் கிளற வேண்டியிருக்கும். ரயில்வேயிலிருந்து ஆரம்பிக்கலாம்.